ஆடி எட்டுக்கு இரண்டு சேலை

என் தம்பி மகள் சரண்யாதேவி ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்து, "கையெழுத்துப் போடுங்க பெரியப்பா" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். மேலூர் தாலுகாவில் எத்தனையோ பேருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் என் கையெழுத்து இருக்கிறது. என்னிடமே கையெழுத்து.

"என்னத்தா இது, பட்டா மாறுதலா?"

"ஒப்புதல் படிவம். நான் கேக்குறதுக்கு நீங்களாச் சம்மதிச்சுப் பதில் சொல்றீங்கனு. பிடிக்கலைனா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம். பேரெல்லாம் மாத்தித்தான் எழுதுவேன்."

"என் பேர எதுக்கு மாத்தணும்? கண்ணுச்சாமினே எழுது. மறைக்கிறதுக்கு இந்த வீட்டுல என்ன இருக்கு?"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுப் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டாள்.

மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. சமூகவியல் இரண்டாம் வருஷம். விடுதியில் தங்கிப் படித்தாள். சனிக்கிழமைகளில் ஊருக்கு வருவாள். மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், எதைப் பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்று படிக்கிற படிப்பாம். "இதுக்கெல்லாமா காலேஜு? டீக்கடையில உக்காந்தா தெரியாதா?" என்று அவள் அப்பன் பாண்டியராஜன் கேட்டான். நான்தான் சேர்த்துவிடச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பட்டத்துக்கு மேல் படிக்கப் போன முதல் பெண். அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் பெருமை எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தாத்தா காலத்தில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்றுப் பிடுங்கி, அடுத்தவர் களத்தில் தூற்றிய குடும்பம். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி ஊரில் ஒரு வாய் ஒரு சொல் சொன்னதில்லை. நிலம் வருவதற்கு முன்னால் எங்களிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான். அப்பா காலத்தில் நான்கு ஏக்கர் நஞ்சையும் ஒரு கிணறும் வந்தன. நான் அரசாங்க வேலைக்குப் போனேன். தம்பி மேலூரில் உரக்கடை வைத்தான். அவன் மகன் முகேஷ் குவாரியில் கிரேன் ஓட்டுகிறான். ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு வீடு. என் மனைவி போய்ச் சேர்ந்தபின் எனக்குச் சாப்பாடு தம்பி வீட்டில்தான். நான் உள்ளே நுழைந்தால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்திருப்பார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் அதுதான் கைகொடுத்தது.

சரண்யாவின் கையில் பெரிய சார்ட் அட்டை ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாணவரும் தங்கள் குடும்பத்தின் நான்கு தலைமுறையை வரைந்து கொண்டுவர வேண்டும் என்று கனகா மேடம் என்கிற அவர்களுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். முக்கோணம் என்றால் ஆண். வட்டம் என்றால் பெண். நடுவே இரட்டைக் கோடு என்றால் கல்யாணம். இறந்துபோனவர்களின் மேல் குறுக்காக ஒரு கோடு. என் தாத்தாவும் அப்பாவும் கோடு விழுந்த முக்கோணங்களாக மேலே நின்றார்கள். அப்பாவுக்குக் கீழே மூன்று பிள்ளைகள். முதலில் ஒரு வட்டம், அதன் மேல் கோடு, அடுத்து நான், கடைசியில் பாண்டியராஜன்.

"கன்னி அத்தையப் பத்திச் சொல்லுங்க" என்றாள். போனில் ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வட்டம் என் அக்கா முனியாயி. பதினெட்டு வயதில் இறந்தாள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவோம். தம்பி வீட்டுச் சாமி அறையில் அவளுக்கென்று ஒரு ஓலைப்பெட்டி தொங்குகிறது. வருஷா வருஷம் ஆடி எட்டாம் தேதி புதுச் சேலை எடுத்துப் படைப்போம். எப்போதும் பச்சை, சிவப்புக் கரை. போன வருஷத்துச் சேலையை வீட்டில் கல்யாணமாகாத பெண் எடுத்துக் கட்டிக்கொள்ளும். பெட்டியைத் திறப்பதும் அவள்தான், ஆண்கள் தொடக்கூடாது. முதல் முதலில் படைத்த சேலை மட்டும் வெளியே வராது. அது பெட்டியின் அடியில் எப்போதும் இருக்கும்.

"கிணத்துல தவறி விழுந்துட்டா. தண்ணி எடுக்கப் போனவ. ஆடி எட்டு, எழுபதாம் வருஷம்."

"அத்தைக்கு நீச்சல் தெரியாதா பெரியப்பா?"

எங்கள் ஊரில் கிணற்றில் குதித்து வளராத பிள்ளை எது? நான் தண்ணீர் கேட்டேன். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. நோட்டில் என்னவோ எழுதினாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தாள். ஆனி முடியப் போகிற நேரம், காற்று தொடங்கியிருந்தது. முற்றத்தில் வேப்பஞ்சருகு பறந்துகொண்டிருந்தது. சார்ட்டைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தாள்.

"ஒரு விஷயம் பெரியப்பா. ஒரே கேள்விய மூணு பேர்கிட்டத் தனித்தனியாக் கேக்கணும்னு மேடம் சொல்லிக் குடுத்திருக்காங்க. கேட்டேன். அம்மாகிட்டக் கேட்டா, கன்னி அத்தை காய்ச்சல்ல போச்சுனாங்க, அப்பத்தா சொன்னதாம். ஆண்டிச்சாமி தாத்தாகிட்டக் கேட்டா, பாம்பு கடிச்சுதுங்கிறாரு. நீங்க கிணறுங்கிறீங்க." நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "ஒரே ஆளுக்கு மூணு சாவு."

ஆண்டிச்சாமி என் அப்பாவின் கடைசித் தம்பி. எண்பத்தாறு வயது. கண் மட்டும்தான் போய்விட்டது, குரல் போகவில்லை.

இறப்புச் சான்று கேட்டு வருகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னால் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. மூன்று காரணம் என்றால் அங்கே நான்காவது ஒன்று இருக்கிறது. அது எனக்கு என் உத்தியோகம் கற்றுத் தந்தது. என் வீட்டில் எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும் என்று ஐம்பத்தைந்து வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. யாரும் கேட்கப்போவதில்லை என்கிற நம்பிக்கை.

"இன்னொன்னு. போன வருஷம் பெட்டியத் திறந்தப்ப அடியில இருந்த பழைய சேலையப் பாத்தேன். ஜவுளிக்கடைச் சீட்டு அதுலயே குத்தியிருக்கு. மை மங்கிப் போச்சு, ஆனா தேதி தெரியுது. ஆடி ஆறு." குரல் தாழ்ந்தது. "அத்தை இறந்தது ஆடி எட்டு. அந்தச் சேலைய எடுக்கும்போது அத்தை உயிரோட இருந்தாங்களா பெரியப்பா?"

அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று சார்ட்டைப் பார்த்தேன். பார்வை கீழே இறங்கி, கடைசி வரிசையில் முகேஷின் முக்கோணத்துக்கும் அடுத்திருந்த அவளுடைய வட்டத்துக்கும் வந்தது. அந்த வட்டத்தின் பக்கத்தில் காகிதம் லேசாகத் தேய்ந்திருந்தது. பென்சிலில் போட்டு ரப்பரால் அழித்த இடம். இரட்டைக் கோடு. அதன் முடிவில் ஒரு முக்கோணம். அதற்குக் கீழே ஒரு பெயர். அழித்திருந்தாலும் அழுத்தம் போகவில்லை. காலம் காலமாக அடங்கல் பதிவேட்டில் அழித்துத் திருத்தியதைக் கண்டுபிடித்த கண் இது. தவ்பீக்.

"நிறுத்திக்கலாம்னு படிவத்துல போட்டிருக்குல்ல?" என்றேன்.

"ஆமா பெரியப்பா."

"நிறுத்து."

அன்று சாயங்காலமே தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். இதை எழுதும்போது கை நிற்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நான் செய்தது சரி என்று அப்போது எனக்குத் துளியும் சந்தேகமில்லை. வீட்டுப் பெரியவன் கண்ணில் பட்டதை வீட்டுத் தகப்பனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பாண்டியராஜன் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். குழம்பில் உப்பு குறைந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்துகிறவன். அன்று கத்தவில்லை. ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு, குழாயை மூடி, கையைத் துடைத்துக்கொண்டான்.

"பேரு தெளிவாத் தெரிஞ்சுச்சாண்ணே?"

"தெரிஞ்சுச்சு."

"சரிண்ணே. நான் பாத்துக்கிறேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

வயது வந்து நிதானம் வந்துவிட்டது, நல்லது, என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னை முதலில் தொந்தரவு செய்தது. தம்பி மகளைத் திட்டவில்லை. முகேஷ் மூன்று நாளில் விசாரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னான்: "கோரிப்பாளையத்துல தர்கா பக்கம் பேக் கடை வச்சிருக்கவரு மகன் பெரியப்பா. கூடத்தான் படிக்கிறான். நல்ல பயதான்." நல்ல பயல் என்று அவன் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் இருக்கிறவன் அப்படிச் சொல்ல மாட்டான். முடிவு எடுத்துவிட்டவன் சொல்வான்.

ஆடி பிறந்ததும் சரண்யாவை ஒரு வாரம் லீவு போட்டு வரச் சொன்னார்கள். கன்னிக்குப் படைக்க வீட்டுப் பெண் வேண்டும், நியாயம்தான். வந்தவளின் கையில் போன் இல்லை.

"போன் எங்கத்தா?"

"அப்பா வாங்கி வச்சிருக்காரு பெரியப்பா. சார்ஜு நிக்க மாட்டேங்குதுல, கடையில குடுத்து மாத்தித் தாரேன்னு." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றது.

மறுநாள் காலை வயல் பக்கம் போனேன். பழைய கிணற்றைப் பல வருஷமாக யாரும் பயன்படுத்துவதில்லை. போர் போட்ட பிறகு அதைச் சுற்றிக் கருவேல முள் அடர்ந்துவிட்டது. அன்று முள் வெட்டப்பட்டு, ஆள் நடக்கிற அகலத்துக்குப் பாதை இருந்தது. முகேஷ் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தான். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

"எதுக்குடா இது?"

"படையலுக்குப் பெரியப்பா. அத்தை விழுந்த இடம்ல? இந்த வருசம் கிணத்தடியிலயும் ஒரு சூடம் பொருத்தலாம்னு அப்பா சொன்னாரு."

"இத்தனை வருசமா இல்லாத வழக்கம்."

"நல்ல காரியத்துக்கு வழக்கம் எதுக்குப் பெரியப்பா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளையை வெட்டினான்.

ஆறாம் தேதி மத்தியானம் பாண்டியராஜன் மதுரையிலிருந்து துணிப்பையோடு வந்தான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் மனைவி பாண்டிமீனா பையை வாங்கிப் பிரித்தாள். பச்சைச் சேலை, சிவப்புக் கரை. அதை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். பைக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றாள். இன்னொன்று இருந்தது. அதே பச்சை, அதே கரை.

"ரெண்டு எதுக்குப்பா?" என்றேன்.

"ஆடித் தள்ளுபடிண்ணே. ஒன்னு எடுத்தா ஒன்னு இனாம்னான். வேணாம்னா சொல்ல முடியும்?" சிரித்தான். "கன்னிக்கும் தள்ளுபடி வந்துருச்சு பாருங்க காலம்."

நான் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மீனா இரண்டாவது சேலையைப் பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

எழுபதாம் வருஷம் ஆடி ஆறு அன்று சேலை எடுக்க அப்பா என்னைத்தான் கூட்டிப்போனார். எனக்குப் பதின்மூன்று வயது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடை. அப்பா பேரம் பேசாமல் எடுத்தார். அக்காவுக்குக் கல்யாணச் சேலை என்று நினைத்து, பஸ்ஸில் என் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அக்கா என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, ஊருக்கு வெளியே இருந்த டூரிங் கொட்டகையில் படம் ஓட்டுகிறவரிடம் கொடுக்கச் சொல்லியிருந்தாள். எட்டாம் தேதி மேலூர் பஸ் ஸ்டாண்டில் எந்த நேரம், எந்த இடத்தில் நிற்பாள் என்று எழுதியிருந்தாள். எனக்கு வாசிக்கத் தெரியும். கொட்டகைக்குப் போகாமல் அப்பாவிடம் போனேன். அப்பா சீட்டை வாங்கிக்கொண்டு, "இவ எங்க நிப்பானு எழுதியிருக்கு?" என்று கேட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். அவர் என் தோளில் கை வைத்தார். எங்கள் வீட்டில் அப்படித் தோளில் கை வைப்பது பெரிய மரியாதை. பல வருஷம் அந்தக் கையின் பாரத்தைப் பெருமையாகச் சுமந்தேன்.

எட்டாம் தேதி பகலில் அப்பாவும் ஆண்டிச்சாமிச் சித்தப்பாவும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு, வீட்டுக்கு வராமல் வயலுக்குப் போனார்கள். நான் வரப்பில் நின்று பார்த்தேன். மூன்று பேர் போனார்கள். இரண்டு பேர் வந்தார்கள். மறுவாரமே ஓலைப்பெட்டி வாங்கிவந்து சேலையை அதில் வைத்துச் சூடம் காட்டினார்கள். அவளைக் கும்பிடுவதற்கான ஏற்பாட்டையும் இரண்டு நாள் முன்னாலேயே செய்துகொண்டவர்கள் என் வீட்டார். சாமியாகிவிட்டவள் எப்படிச் செத்தாள் என்று எந்த ஊரும் கேட்காது.

இப்போது பெஞ்சின் மேல் இருந்த சேலையைப் பார்த்தேன். அவனுக்கு இதெல்லாம் யார் சொன்னது? அவன் அப்போது அம்மா வயிற்றில் இருந்தான். யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நான் ஒருமுறை போய்ச் சொன்னேன், அப்பா கத்தவில்லை. இன்னொருமுறை போய்ச் சொன்னேன், இவன் கத்தவில்லை.

அன்று முழுவதும் யோசித்தேன். போலீசுக்குப் போனால் என்ன சொல்வது? தம்பி தள்ளுபடியில் சேலை வாங்கினான் என்றா? மகளைத் தனியாகக் கூப்பிட்டு, ஓடிப்போ என்று சொன்னால் எங்கே ஓடுவாள்? பஸ் ஸ்டாண்டுக்குத்தான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விசாரணை. வாக்குமூலம். கையெழுத்து. ஒரு விஷயம் பதிவாகி இன்னொருவர் கைக்குப் போய்விட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் மறுபடியும் தவறி விழ யாராலும் முடியாது.

ஏழாம் தேதி காலை பத்து மணிக்குத் தம்பி வீட்டுக் கூடத்துக்குப் போனேன். பாண்டியராஜன், முகேஷ், கயிற்றுக் கட்டிலில் ஆண்டிச்சாமிச் சித்தப்பா, எல்லோரும் இருந்தார்கள். எழுந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சரண்யா, அந்த அட்டைய எடுத்தா. மிச்சக் கேள்விய இன்னைக்கு முடிச்சிரலாம்."

"இப்ப எதுக்குண்ணே?" என்றான் தம்பி. "நாளைக்குப் படையல். அதுக்கப்புறம் பாத்துக்கலாம்ல?"

"பாதியில விட்ட விசாரணை எனக்கு ஆகாது. பிள்ளை போனக் குடு. ரெக்கார்டு பண்ணணும்."

"அது கடையில..."

"பீரோவுலதான் இருக்கு. மீனா, எடுத்தா."

மீனா புருஷனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. போய் எடுத்துவந்தாள். தடுத்திருந்தால் அவன் அண்ணனை எதிர்த்தவனாகியிருப்பான். அது எங்கள் வீட்டில் நடந்ததில்லை. வீட்டு மரியாதையை அன்று நான் ஆயுதமாகப் பிடித்தேன்.

சரண்யா ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாள்.

"என் பேர் கண்ணுச்சாமி" என்று தொடங்கினேன். "பேர மாத்த வேண்டாம். வயசு அறுபத்தெட்டு. ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர். யாரோட வற்புறுத்தலும் இல்லாமச் சொல்றேன். எங்க அக்கா முனியாயி கிணத்துல தவறி விழல. பாம்பு கடிக்கல. காய்ச்சல் இல்ல."

"அண்ணே" என்றான் பாண்டியராஜன்.

"எழுபதாம் வருசம் ஆடி எட்டாந்தேதி பகல்ல, எங்க அப்பாவும் சித்தப்பா ஆண்டிச்சாமியும் அவள..."

"டேய் கண்ணு! வாய மூடுறா! எவனுக்குடா சொல்ற?" சித்தப்பா கட்டிலிலிருந்து எழுந்து காற்றில் கையை வீசினார். "உங்கப்பன் கட்டிக் காத்ததடா! சந்தி சிரிக்க வைக்கவாடா உன்னையப் படிக்க வச்சோம்!"

"இப்பப் பேசுறது ஆண்டிச்சாமி" என்றேன் போனைப் பார்த்து. "அதுவும் பதிவாகட்டும்."

மிச்சத்தைச் சொன்னேன். சீட்டு, நான் வாசித்தது, சேலை, கடைச் சீட்டின் தேதி. கடைசியாக, "இந்த வருசம் இந்த வீட்டுக்கு ரெண்டு சேலை வந்திருக்கு. கிணத்துக்கு வழி வெட்டியிருக்கு. சரண்யாதேவிக்கு ஏதாவது ஒன்னுனா காரணம் யாருனு இதுலயே கேட்டுக்கங்க" என்று முடித்தேன். "உங்க மேடத்துக்கு அனுப்பு."

அனுப்பினாள். எங்கள் கூடத்தில் டவர் சரியாக எடுக்காது. வாட்ஸ்அப்பில் ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

ஆடிக் காற்று ஜன்னல் கதவை ஒருமுறை அடித்தது. முகேஷ் அப்பனைப் பார்த்தான். பாண்டியராஜன் தரையைப் பார்த்தபடி பேசினான், இன்னமும் கத்தவில்லை.

"தள்ளுபடினு சொன்னேன்லண்ணே. நம்ப மாட்டீங்களா?"

"நம்புறேன். அப்ப அந்த ரெண்டாவத எனக்குக் குடுத்துரு."

பெஞ்சின் மேல் இருந்த பையை எடுத்துக்கொண்டேன். சரண்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன். யாரும் முன்னால் வந்து நிற்கவில்லை. நிற்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. கேட்டில் மீனா நின்றாள். கையில் மகளின் துணிப்பை. ஜிப் போட்டு, சார்ஜர் ஓரமாகச் செருகி, தயாராக. எப்போது எடுத்து வைத்தாளோ.

"மாமா" என்றாள். என்னிடம் அவள் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். "திரும்பிப் பாக்காமப் போங்க."

மெயின் ரோட்டுக்கு முக்கால் கிலோமீட்டர். மூட்டு வலியை மறந்து நடந்தேன். மேலூரிலிருந்து வந்த டவுன் பஸ் நின்றது. டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேலைப் பை என் மடியில்.

"பொம்பளப் புள்ளைக்கு டிக்கெட் இல்ல பெரியவரே. உங்களுக்கு மட்டும்தான். எங்க?" என்றார் கண்டக்டர்.

"மதுரை, மாட்டுத்தாவணி."

"அங்கேர்ந்து எங்க பெரியப்பா?" என்றாள் சரண்யா, மெதுவாக.

"அம்புட்டுத் தூரத்துக்குத்தான் யோசிச்சிருக்கேன். மிச்சத்த உங்க மேடத்தக் கேளு."

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். இரண்டாவது டிக் விழுந்திருந்தது. இன்னும் நீலமாகவில்லை. என்னிடம் நிறையக் கேட்க வேண்டும் என்கிற முகம். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தச் சீட்ட ஏன் பெரியப்பா வாசிச்சுக் காட்டுனீங்க?"

"கேட்டாரு. சொன்னேன். பெரியவங்க கேட்டா உண்மையச் சொல்லணும்னு இருந்தேன்."

அப்போது என் போன் அடித்தது. தம்பி.

"அண்ணே" என்றான். குரல் தேன் மாதிரி இருந்தது. "ஏதோ கோவத்துல கிளம்பிட்டீங்க. வயசான காலத்துல எங்க போயி அலைவீங்க? எந்தப் பஸ்ல இருக்கீங்க, சொல்லுங்க. முகேஷ வண்டியில அனுப்புறேன்."

முப்பது வருஷம் அரசாங்கத்தின் பெயரால் எழுதியவன் நான். எழுத்திலோ வாயிலோ பொய் சொல்லாதவன் என்று ஊர் சொல்லும். அக்கா விஷயத்தை ஊர் கணக்கில் எடுத்ததில்லை.

"திருப்பத்தூர் பஸ்ஸு" என்றேன். "மேலூர் தாண்டிட்டோம். கிழக்க போறோம்."

பின்னால் கண்டக்டர் விசில் ஊதினார். "மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி, உள்ள போங்க, உள்ள போங்க" என்று சத்தமாகச் சொன்னார்.

நான் போனைக் கையால் பொத்துவதற்குள் அது அந்தப் பக்கம் போயிருக்கும்.

"சரிண்ணே" என்றான் பாண்டியராஜன். குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னானே, அதே சரிண்ணே.

நான் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாலு வழிச் சாலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பைக்குகள் வந்துகொண்டிருந்தன. எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். யார் முகமும் தெரியவில்லை. மடியில் இருந்த பையின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.